சுதாகரனுக்கு நான் கொடுத்த புத்தகம்

அவர் என் கொப்பியை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டு போனார். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். 

பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். உச்சி வெயில். தார் இளகி, செருப்பு ஒட்டி ஒட்டிக் கழன்றது. எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் கூடையிலிருந்து கருவாட்டு மணம் வந்தது. நான் மட்டக்களப்பு டவுனில் ஆங்கில வகுப்பு முடித்துக் குருக்கள்மடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வயது பத்தொன்பது.

சென்றியில், அந்தச் சோதனைச் சாவடியில், நின்ற ஆமிக்காரருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆங்கிலம் எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"அம்புஷ்" என்றார். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. "கேஷுவல்ட்டி." பிறகு, "டெட்டொனேட்டர்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது என்ன?"

"சொல்லு... பரீட்சைக்கு, சேர்."

அவர் அம்புஷ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில் நான் எழுதியிருந்ததைக் காட்டினார். ம-4.

"இது?"

சொல்லியிருக்கலாம். மிகச் சின்ன விஷயம். அவர் என் கொப்பியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு மண்மூட்டைக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்தார்.

"பஸ் போகலாம். நீ நாளைக்குக் காலையில ஆமிக் காம்புக்கு வா. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா."

பஸ்ஸில் ஏறியபோது எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அடையாள அட்டையைப் பறிகொடுத்தவளுக்குப் பக்கத்தில் அந்த நாட்களில் நானும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எதைப் படிப்பது?

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த காலையில் எங்கள் வீடும் போனது, அம்மாவும் போனா. அதைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம், கூடாரத்தில் ஒரு வருடத்துக்கு மேல், அதன்பின் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். வாவியில் மட்டும் வலை போட்டார்.

எங்கள் ஊர் முழுக்கப் புத்தகம் இல்லாமலே ஆங்கிலம் படித்த காலம் அது. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைக்கிற மனிசிமார்கூட நிவாரண வரிசையில் "பெனிஃபிஷரி லிஸ்ட்டில எண்ட பேர் விட்டுப் போச்சு" என்று சண்டை பிடிப்பார்கள். ஷெல்டர், டோக்கன், ஃபீல்ட் ஒஃபிசர் எல்லாம் மீன் பெயர்கள் மாதிரி வாயில் புழங்கின. கடல் தந்த சொற்கள் ஒரு பக்கம். ரவுண்டப், சென்றி, ஷெல், கிளைமோர் என்று சண்டை தந்த சொற்கள் இன்னொரு பக்கம்.

கடையில் சீனி சுற்றித் தந்த பேப்பர்த் துண்டில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். கொழும்பில் ஒரு கல்லூரி. ஆங்கிலப் பயிற்சிநெறி. பதினோராம் வகுப்பு ஓஎல் பரீட்சை பாஸ் என்றால் போதும், ஆனால் நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். வினாத்தாளில் பாதி சொல்வளம்.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "விடுதி இரிக்கா?"

"ஓம்."

"அப்ப எழுது."

அவர் ஏன் விடுதியைக் கேட்டார் என்று எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு விளங்கும். வகுப்புக்குப் போன பிள்ளைகள் திரும்பி வராத நாட்கள் அவை. வீதியில் கண்ணாடி கறுத்த வாகனம் மெதுவாகப் போனால் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிடுவார்கள். யார் எந்தப் பக்கம் கொண்டுபோகிறார்கள் என்பதுகூடத் தெளிவில்லை. பிள்ளையை ஊரைவிட்டு அனுப்ப ஒரு வழி வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பரீட்சை அந்த வழி.

சரி, எதைப் படிப்பது?

என் கையில் இரண்டு இருந்தன. முதலாவது, நிவாரணப் பெட்டியில் வந்த ஒரு தடித்த அமெரிக்கப் புத்தகம். அவர்களுடைய கல்லூரிகளில் சேர்வதற்கான சொற்கள். அட்டையில் புல்வெளியில் உட்கார்ந்து சிரிக்கிற பிள்ளைகள். தலையணை அளவு கனம், வழுவழுத்த தாள், புதுச் சப்பாத்தின் மணம். அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாலே படித்தவள் மாதிரி இருக்கும். இரண்டாவது, டவுன் வகுப்பில் தந்த போட்டோகொப்பி டியூட், பயிற்சித் தாள்களின் கட்டு. ஒத்த சொல், எதிர்ச்சொல். ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டு, மை பரவி, பல இடங்களில் ஊகித்துத்தான் வாசிக்க வேண்டும்.

ஒரு மாதம் முழுவதும் அமெரிக்கப் புத்தகத்தோடுதான் மல்லுக்கட்டினேன். பிறகு வகுப்பில் ஒரு பழைய வினாத்தாள் கிடைத்தது. அதிலிருந்த சொற்களைப் புத்தகத்தின் பின்னிருந்த சொல்லடைவில் தேடினேன். ஒரு சொல்கூட இல்லை. 'எஃபெமரல்' என்றால் அற்பாயுசு என்று எனக்குத் தெரியும். 'டெனன்ட்' என்றால் என்னவென்று தெரியாது. வினாத்தாளில் இருந்தது குத்தகைக்காரன், விண்ணப்பதாரி, வெள்ளப்பெருக்கு, தற்காலிகம். தினசரிப் பேப்பரில் வருகிற சொற்கள். டியூட்டில் அவற்றில் பாதிக்கு மேல் இருந்தன.

அதனால் புத்தகத்தை மூடி வைத்தேன். டியூட்டைப் பிடித்தேன். மூன்றாவதாக, கடையில் பொருள் சுற்றுகிற ஆங்கிலப் பேப்பர்களை வாங்கி வந்து, தெரியாத சொல்லையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன். சொல், கருத்து, வந்த வசனம். ஓரத்தில் 'தெ' என்றால் தெரியும். 'ம' என்றால் மறந்தது. ம-4 என்றால் நான்கு தரம் மறந்துவிட்டேன்.

ஆனால் அந்த வருடத்துப் பேப்பர்களில் என்ன சொற்கள் வரும்? நான் யோசிக்கவில்லை. அம்புஷ், அப்டக்ட், ரிட்டாலியேட் என்று பதுங்கித் தாக்குவதும் கடத்துவதும் பழிவாங்குவதும்தான். பக்கம் பக்கமாக எழுதி வைத்தேன். பக்கத்தில் எண்கள் வேறு.

அப்பா கேட்ட கேள்விகள்

அன்று பின்னேரம் அப்பா வலைக்குப் போகவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வாசலில் வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு உள்ளே வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"நான் கேக்கிறன். நீ சொல்லு. ம எண்டா என்ன?"

"மறந்தது."

"நாலு எண்டா?"

"நாலு தரம்."

"உடன சொல்லோணும் மனே. யோசிச்சா பொய் எண்டு நினைப்பாங்க. பேப்பர் எங்கால எடுத்த?"

"கடையில."

"எந்தக் கடை எண்டு கேட்டா?"

கடைக்காரரின் பெயரைச் சொன்னால் அவரையும் கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டால் நான் மறைக்கிறேன் என்பார்கள். அப்பாவும் அதை யோசித்திருக்க வேண்டும். திரும்பி நின்று சட்டையை உதறி மடித்தார், திரும்பவும் உதறினார், திரும்பவும் மடித்தார். 

வீட்டிலிருந்த மற்றப் பேப்பர்களையெல்லாம் அடுப்பில் போட்டோம். அதுவும் பிழையோ என்று பயமாக இருந்தது. புகையைக் கண்டு யாராவது எதை எரித்தாய் என்று கேட்டால்?

காம்பு அறை

காலையில் அப்பாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். அப்பா இரண்டு கையாலும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. மேசையில் என் கொப்பி, அதற்கு மேல் என் அடையாள அட்டை. அறையில் டெட்டோல் மணம். அதிகாரிக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒருவன் நின்றான். சிவில் உடுப்பு. இடுப்பில் சட்டை புடைத்துக்கொண்டிருந்தது.

அது சுதாகரன்.

ஓஎல் வகுப்பில் எனக்குப் பின்னால், அடுத்த வாங்கில் இருந்தவன். ஆங்கிலப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதுவான், பிறகு என்னைவிட ஒரு புள்ளி கூட எடுத்துவிட்டுச் சிரிப்பான். பரீட்சை முடிந்த வருடம் இயக்கத்துக்காரர்கள் அவனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பக்கம் போனவன், இயக்கம் இரண்டாக உடைந்தபோது, பிரிந்து ஆமியோடு சேர்ந்த பக்கம் நின்றான். அவனாகத் தெரிந்தெடுத்தது எது, மற்றவர்கள் தெரிந்தெடுத்தது எது என்று எனக்குத் தெரியாது. அவன் இருக்கிற வீதியால் ஊரவர்கள் போக மாட்டார்கள் என்று மட்டும் தெரியும்.

என்னைத் தெரிந்த மாதிரி அவன் காட்டிக்கொள்ளவில்லை.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். அவன் தமிழில் கேட்டான். "ம எண்டா என்ன?"

"மறந்தது. கொழும்புக் கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்கிற சொல்லு. எத்தினை தரம் மறந்த எண்டு..."

அவன் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினான். நான் சொன்னது இரண்டு வரி. அவன் சொல்லிக்கொண்டே போனான். எனக்குச் சிங்களம் தெரியாது. என் பெயர் ஒரு தரம் வந்தது. ஊர்ப் பெயர் வந்தது. அவன் எனக்காகக் கதைக்கிறானா, என்னைக் காட்டிக் கொடுக்கிறானா? அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. 

அதிகாரி கொப்பியை அவனிடம் தள்ளினார். அவன் ஒரு பக்கத்தைக் கிழித்தான். பிறகு இன்னொன்று. சண்டைச் சொற்கள் இருந்த பக்கங்களையெல்லாம் பார்த்துப் பார்த்துக் கிழித்து மேசையில் அடுக்கினான். மிச்சத்தை என்னிடம் நீட்டினான். அடையாள அட்டையும் வந்தது.

வாசல் வரைக்கும் அவன் கூட வந்தான். பாதி வழியில், முன்னால் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அந்தச் சொல்லெல்லாம் பரீட்சைக்கு வராது. வந்தாலும் எழுதாத."

"ம்."

"வினோ, அந்தக் கல்லூரிக்கு ஓஎல் மட்டும் காணும் எண்டு போட்டிருந்தாங்க. மெய்யா?"

"ஓம்."

"நானும் அப்ளிகேசன் போட்டிருக்கன். ஆருக்கும் சொல்லிராத. எந்தப் புத்தகம் நல்லம்?"

அதற்குள் அப்பா சைக்கிளோடு நின்ற இடம் வந்துவிட்டது. அவன் நின்றான். நான் நடந்தேன். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மத்தியானத்தில் வந்த மோட்டார் சைக்கிள்

அந்தக் கேள்விக்குப் பதில் கேட்டு அவன் வீட்டுக்கே வருவான் என்று நான் நினைக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் வேலியோரம் நின்றது. பக்கத்து வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டுக் கதவும்.

"மாமா, பயப்புடாதிங்க. வினோகிட்ட ஒரு புத்தகம் கேக்க வந்த நான்."

அப்பா எழுந்து நின்றார். என்னைப் பார்த்து, "கேக்கிறதக் குடுத்து அனுப்பு மனே" என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

நான் உள்ளே போனேன். பெட்டிக்கு மேல் இரண்டும் இருந்தன, டியூட்டும் அமெரிக்கப் புத்தகமும். எது பரீட்சைக்கு உதவும், எது உதவாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதத்தைத் தொலைத்துக் கற்றுக்கொண்ட பாடம் அது.

அந்த அறையில் நான் நின்றது ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. டியூட்டைக் கொடுத்தால் போட்டோகொப்பி எடுத்துவிட்டுத் திருப்பித் தர இன்னொரு தரம் வருவான். இன்னொரு தரம் மோட்டார் சைக்கிள் நிற்கும். அவனுக்கு எதிரான பக்கம் அதைப் பார்த்து வைத்திருக்கும். பயம்தான் காரணம் என்று இதுவரை எனக்கு நானே சொல்லி வந்தேன். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் கிடந்தது. எங்கள் பகுதியிலிருந்து எடுப்பது சிலரைத்தான். பின் வாங்கிலிருந்து என்னைவிட ஒரு புள்ளி கூட எடுக்கிறவன் அவன்.

அமெரிக்கப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இதுதான் நல்லம். நீயே வச்சிரு. திருப்பித் தர வேணாம்."

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். புரட்டிப் பார்த்தான். அவன் முகம் அப்படியே வகுப்பில் பார்த்த முகமாக மாறியது.

"இவ்வளவும் படிக்கோணுமா?"

"ஓம்."

"ஒரு நாளைக்கு எத்தினை சொல்லு பாடமாக்கிற நீ?"

"இருபது."

"அப்ப நானும் இருபது." சட்டைக்குள் புத்தகத்தைச் செருகப் பார்த்தான். அங்கே ஏற்கெனவே வேறொன்று இருந்தது. கையிலேயே பிடித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

அப்பா கேட்டார், "அது உனக்குத் தேவையில்லாத புத்தகம்தானே?"

"ஓம் அப்பா."

"நல்லம்" என்றார் அவர். இருவரும் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

பரீட்சை மண்டபம்

பரீட்சை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. அப்பா என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே மதிலோரம் நின்றார். முழு நேரமும் நின்றார் என்று பிறகு தெரிந்தது.

சுதாகரன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தான். வெள்ளைச் சட்டை, கை மடிப்புக் கலையாமல் அயன் பண்ணியிருந்தது. இடுப்பு தட்டையாக இருந்தது. அதை முதலில் கவனித்தேன். யாரும் அவனுக்குப் பக்கத்தில் இருந்து கதைக்கவில்லை.

வினாத்தாள் வந்தது. வெள்ளத்தில் அழிந்த வயல்களைப் பற்றி ஒரு பந்தி. இழப்பீடு, குத்தகை, அறுவடை. பேனை தானாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தேன். அவன் எழுதவில்லை. தாளைப் புரட்டினான், திருப்பினான், திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தான். அவன் தலையைச் சொறிகிற விதம் எனக்குத் தெரியும். அவன் தேடிக்கொண்டிருந்தான். பாடமாக்கின சொல்லில் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான்.

நேரம் முடிய முன்பே எழுந்து தாளைக் கொடுத்துவிட்டு வெளியேறினான். என் மேசையைக் கடக்கும்போது நின்றான். இப்போது கேட்பான், இப்போது இடுப்பில் கை வைப்பான் என்று பயந்தேன். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்.

அவன் சிரித்தான்.

"வேற புத்தகம் போல, வினோ" என்றான். அவ்வளவுதான்.

அவனுக்கு விளங்கியதா, அல்லது தானே பிழையாகப் படித்துவிட்டதாக நினைத்தானா, அந்தச் சிரிப்பிலிருந்து எனக்குப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

நான் தெரிவானேன். கொழும்புக்குப் போனேன். அங்கேயும் பயம் இருந்தது. பொலிஸ் பதிவு, திடீர்ச் சோதனை, பஸ்ஸில் தமிழில் கதைக்காமல் வாயை மூடிக்கொண்டு வருவது. ஆனால் விடுதிக்குக் கதவு இருந்தது, கதவுக்குப் பூட்டு இருந்தது. முதல் தவணை முடிய முன்பு அப்பா தொலைபேசியில் சொன்னார், "சுதாகரனக் காணலயாம்." வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. எந்தப் பக்கம் கொண்டுபோனது என்று ஆளுக்கொரு கதை. நான் தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனேன். அப்படித்தான் செய்தேன்.

கடிதம்

சண்டை முடிந்து, நான் ஆசிரியையாக ஊருக்குத் திரும்பியிருந்த காலம். சென்றிகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார்கள். பழக்கத்தில் பஸ் அந்த இடங்களில் இன்னும் மெதுவாகத்தான் போகும்.

ஒரு சனிக்கிழமை காலை சுதாகரனின் அம்மா வீட்டுக்கு வந்தா. மெலிந்த மனிசி. கையில் சொப்பிங் பேக், அதற்குள் கடதாசிகள்.

"இங்கிலீசில ஒரு கடிதம் எழுதித் தருவிங்களா மனே? வெளிநாட்டில இருந்து ஆக்கள் வந்திரிக்காங்களாம். காணாமப் போனவங்கட பேர் விபரம் குடுக்கச் சொல்லுறாங்க."

மேசையில் உட்கார வைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன், அவ குடிக்கவில்லை. எழுதத் தொடங்கினேன். பெயர், வயது, காணாமல் போன இடம். ஒரு பந்தி முடிந்ததும், "என்ன எழுதியிரிக்கிங்க, தமிழில சொல்லுங்க" என்றா.

"என் மகன் சுதாகரன் அமைதியான பிள்ளையாக இருந்தார்..."

அவ என் மணிக்கட்டைப் பிடித்தா. கை குளிர்ந்திருந்தது.

"இருந்தார் இல்ல பிள்ள. இரிக்கார். அப்பிடி எழுதுங்க."

தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் தொடங்கினேன். நான் இறந்தகாலத்தில் எழுதியதை அவவே கண்டுபிடிக்க வேண்டியதாகிவிட்டது. நான் ஆங்கில ஆசிரியை.

அமைதியான பிள்ளையாக இருக்கிறார். இருபத்துமூன்று வயது ஆகிறது. நெற்றியில் ஒரு தழும்பு இருக்கிறது. ஒவ்வொரு வரியாக எழுதி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அவ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினா. அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கடிதத்தை என்னிடம் எழுதி வாங்காமல் எழுந்து போய்விடுவாவோ என்று பயந்தேன். வேறு யாரிடம் போவா?

கையெழுத்து வைக்கிற இடத்தைக் காட்டினேன். அவ பேனையை வாங்கவில்லை. ஏதோ மறந்துவிட்ட மாதிரி நெற்றியைச் சுருக்கினா.

"இன்னும் ஒண்டு எழுதுங்க மனே. அவனுக்கு இங்கிலீஸ் தெரியும். பரீட்சைக்கு எண்டு ராப்பகலாப் படிச்சவன். எங்க வச்சிருந்தாலும், இங்கிலீஸ் தெரிஞ்ச பிள்ளை எண்டா ஏதும் எழுத்து வேலையில விடுவாங்கதானே? அடிக்க மாட்டாங்கதானே?"

நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓம் மாமி" என்றேன். தாளின் அடியில் இடம் குறைவாக இருந்தது. எழுத்தைச் சிறிதாக்கி, அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்று எழுதினேன்.